உட்கார்ந்திருந்த கட்சி

கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் படிக்காமல் வைத்துவிடாதீர்கள். நகரியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் தமிழ் படித்தேன். அதற்குப் பிறகு இருபது வருடம் பவர்லூமில் அறுந்த நூலை முடிந்த கை இது. பேனாவுக்குப் பழக்கமில்லை. பிழைகள் நிறைய இருக்கும், மன்னியுங்கள்.

நகரியில் என் முதலாளி தறிகளைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். நான் திருப்பதிக்கு வந்து ஒரு காலேஜில் காண்டிராக்டில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். செடிகளிடம் பேச வேண்டியதில்லை. அதனால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர் பேரைச் சொல்லவே எனக்கு வியர்க்கும்.

அங்கே பிசியோதெரபி மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தது ஒரு பெண். சித்தூர்ப் பக்கம், வீட்டில் தமிழ். சின்ன வயதிலிருந்தே நடனம் கற்றவள். ஆட்டம் ஆடினால் மூளையில் ஏதாவது மாறுகிறதா, மாறினால் நாற்பது தாண்டியவர்கள் தடுமாறாமல் நிற்கவும் நடக்கவும் அது உதவுமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்குக் காலேஜில் வேலை செய்கிற இருபது பேரைக் கேட்டாள். தோட்டம், கேன்டீன், டிரைவர், வாட்ச்மேன் என்று இருபது பேரும் சேர்ந்தோம்.

முதல் நாள் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிக் கடிகாரம் பிடித்தாள். சாக்பீஸ் கோட்டின் மேல் நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். நான் எண்பத்தாறு வரை போய் கோட்டை விட்டு இறங்கிவிட்டேன். பிறகு தலையில் ஒயர் வைத்த தொப்பி. அதற்குள் ஜில்லென்று ஒரு பசை தடவினாள்.

"இது தடவினா முடி மொளைக்குமாம்மா?" என்று கேன்டீன் சமையல்காரர் கேட்டார். அவர் தலையில் ஒயர் ஒட்ட இடைஞ்சலே இல்லை.

"மொளைச்சா அத வெச்சே இன்னொரு ஆராய்ச்சி பண்ணலாண்ணா."

பிறகு சீட்டுக் குலுக்கினாள். பத்துப் பேர் வாரம் மூன்று நாள் சாயங்காலம் ஆடவேண்டும். மற்ற பத்துப் பேர் பக்கத்து அறையில் உட்கார்ந்து அதே பாட்டைக் கேட்கவேண்டும். நான் ஏழு மலையையும் வேண்டிக்கொண்டு சீட்டை எடுத்தேன். உட்காரும் கட்சி. சமையல்காரரும் அதே கட்சி.

எங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. மூன்று மாதத்துக்கு எங்கேயும் ஆடக்கூடாது, கல்யாண வீட்டில்கூட.

"யாருக்காவது ஆடற பழக்கம் உண்டா?" என்று கேட்டாள்.

"சீச்சீ!" என்றோம், பத்துப் பேரும் ஒரே குரலில். கையெழுத்தும் போட்டோம்.

இங்கேதான் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் மகனுக்கு அம்மை போட்டு உடம்பு மோசமானபோது, திருப்பதி அம்மன் கங்கம்மாவுக்கு ஏழு வருடம் வேஷம் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். திருப்பதி ஜாத்திரையில் ஆம்பிளைகள் சேலை கட்டி, பூ வைத்து, முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு போவது யாரும் சிரிக்கிற விஷயமில்லை. அது மொக்கு, வேண்டுதல். என் மனைவியின் அரக்குச் சேலையில், பம்பை அடிக்கிறவருக்கு முன்னால், நான்கு தெருவும் சுற்றி நான் ஆடுவேன். மஞ்சளுக்கு உள்ளே இருப்பது யாரென்று யாருக்கும் தெரியாது. வருடத்தில் அந்த நான்கு நாள்தான் எனக்குக் கூச்சமே கிடையாது.

ஐந்தாவது வருட ஜாத்திரை அந்த மூன்று மாதத்துக்குள் வந்து நின்றது. கங்கம்மாவிடம் தள்ளிப்போடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பெண்ணிடம் 'நான் சேலை கட்டுகிற ஆள்' என்று சொல்ல வாயும் இல்லை. ஒருவன்தானே, பத்தில் ஒருவன் ஆடினால் என்ன கெட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாத்திரையில் எனக்கு முன்னால் பச்சைச் சேலையில் தாட்டியாக ஒரு அம்மா சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தாள். திரும்பினாள். சமையல்காரர்.

"இன்னாய்யா, நீ உக்கார்ற கட்சியாச்சே?" என்றார்.

"நீங்க?"

"வாய மூடிக்கினு ஆடு."

கோயில் தெருவுக்குள் நுழைவதற்குள் கணக்குப் பார்த்தோம். உட்காரும் கட்சியில் ஆறு பேர் அங்கே இருந்தோம். வாட்ச்மேன் இடுப்பில் வேப்பிலை கட்டிக்கொண்டு, கேட்டில் நிற்கும்போது ஒரு நாளும் காட்டாத சுறுசுறுப்போடு குதித்துக்கொண்டிருந்தார். வெளியே சொல்வதில்லை என்று ஆறு பேரும் அங்கேயே சத்தியம் செய்தோம்.

மூன்று மாதம் முடிந்து மறுபடி கடிகாரம் பிடித்தாள். உட்காரும் கட்சி ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றது. ஆடின கட்சிக்கு நாங்கள் எள்ளளவும் குறையவில்லை. அவள் முகம் வாடிப்போனது.

மறுநாள் அவளுடைய புரொபசர் அறை ஜன்னலுக்குக் கீழே குரோட்டன்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே பேசியது கேட்டது. "உட்கார்ந்திருந்தாலும் ஆடினாலும் ஒன்றுதான் என்று உன் நம்பர் சொல்கிறது. அப்படியே எழுதிக் கொடு" என்றார் அவர். "எங்கியோ தப்பு நடந்திருக்கு சார், எங்கேன்னுதான் தெரியல" என்றாள் அவள். வெளிநாட்டில் மேலே படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் இதை எழுதிக் கொடுத்தால்தான் போகமுடியும். மூன்று நாள் வராண்டா படியில் உட்கார்ந்து அதே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள்.

"சொல்லிட்டா மானம் பூடும்யா," என்றார் சமையல்காரர்.

"சொல்லலன்னா அந்தப் பொண்ணு பொய்ய எழுதிக் குடுத்துட்டுப் பூடும்."

"அப்ப நீயே சொல்லு."

வாயால் சொல்ல என்னால் முடியாது. ஒவ்வொரு வருடமும் வேஷத்தோடு என் மனைவி என்னை ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போவாள். அந்தப் போட்டோவைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போய் நீட்டினேன்.

"யாருண்ணா இந்தம்மா? உங்க அக்காவா?"

"இல்லமா."

"வீட்ல அவங்களா?"

"நாந்தாம்மா."

போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"எப்ப எடுத்தது?"

"போன மாசம்."

"ஆடினீங்களா?"

"நாலு நாள். அதுக்கு முன்ன ஒரு மாசம் வீட்ல பழகிக்கினு இருந்தேன்."

"நீங்க ஒருத்தர்தானேண்ணா?"

விரல்களைக் காட்டினேன். ஒரு கை போதவில்லை.

"ஆடற பழக்கமே இல்லன்னீங்களே!"

"அது மொக்கும்மா, அத யாரு ஆட்டம்பாங்க?" என்றேன். உடனே அதுவும் முழு நிஜமில்லை என்று தோன்றியது. "சொல்ல வெக்கமா இருந்துச்சு," என்றேன்.

ஆறு பேரையும் வரிசையாகப் புரொபசர் முன்னால் நிறுத்தினாள். அவர் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் தெலுங்கில், "மஞ்சளுக்கு அடியில் மீசையை வைத்துக்கொண்டா வேஷம் கட்டினாய்? எங்கள் தெருவில் மீசையை எடுக்காமல் விடமாட்டார்கள்" என்றார்.

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் புரொபசர் ஆனார். இந்த நம்பர்கள் ஆகாது என்றார். புதிதாக இருபது பேர், இன்னொரு மூன்று மாதம்.

வெளிநாட்டுக் காலேஜ் மூன்று மாதம் காத்திருக்கவில்லை. அந்த வருடம் அவள் போகவில்லை. அவளைப் பார்த்தால் நான் செடி மறைவில் ஒதுங்கினேன். ஒரு நாள் மறைவுக்கே வந்துவிட்டாள்.

"எதுக்குண்ணா ஒளியறீங்க? உங்க மேல கோவம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா இந்தப் பொய்யத் தூக்கிக்கினு ப்ளேன் ஏறியிருந்தா அங்க போயும் தூங்கியிருக்க மாட்டேன்."

புதிதாக வந்தவர்களிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "எந்த அம்மனுக்காவது வேண்டுதல் இருக்கா?" மூன்று பேர் எழுந்து போனார்கள். இந்த முறை ஆடினவர்கள் உட்கார்ந்தவர்களை விட நன்றாக நின்றார்கள். "கொஞ்சம்தாண்ணா. ஆனா நெஜம்," என்றாள் என்னிடம். அடுத்த வருடம் வேறொரு நாட்டில் இடம் கிடைத்துப் போனாள்.

போகும் முன் தன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் ஒரு பிரதி எனக்குக் கொடுத்தாள். இங்கிலீஷில் இருக்கிறது. எங்கள் ஆறு பேரைப் பற்றிய பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். பேர் இல்லை, நம்பர்தான். அதனால் சமையல்காரர் இன்றைக்கும் அதில் தான் இல்லை என்றே சாதிக்கிறார். நான் இருக்கிறேன் என்று இங்கே எழுதிவிட்டேன்.

2012 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை.