கோமதி மாமியின் மெயில் வரிசையில் இருக்கிறது

எங்கள் கிளப்பின் விதி ஒன்பது சொல்கிறது: உறுப்பினர் காலமானால் அவருடைய துணைவருக்கு உறுப்பினர் உரிமை தானாகவே தொடரும், மனு எதுவும் தேவையில்லை.

எழுதியவர் நாகரிகம் தெரிந்தவர். துக்க வீட்டுக்குள் படிவத்தோடு நுழையக் கூடாது என்று யோசித்திருக்கிறார். ஆனால் பாவம், அவர் காலத்தில் சாஃப்ட்வேர் கிடையாது.

போன வருஷம் கரமனை கிளப்பை ஆன்லைன் ஆக்கினோம். செயலாளர் அனந்தனின் மாட்டுப்பெண் வித்யா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கிளப் நிர்வாகத்துக்கென்றே ஒரு சாஃப்ட்வேரைப் பிடித்து, ஆபீஸ் ரூம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். அதுதான் சர்வர். உறுப்பினர் விவரம், ஹால் புக்கிங், நூலகம் எல்லாம் அதற்குள். சர்வர் என்றால் பீரோ அளவில் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். ஆனாலும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

நவராத்திரி முடிந்ததும் மணி மாமா காலமானார். அனந்தன் அவர் பெயருக்கு நேரே 'மறைந்தார்' என்று பதிந்தார். சாஃப்ட்வேர் குடும்பத்தையே மூடிவிட்டது!

கார்த்திகையில் ஒரு நாள் கோமதி மாமி கேரம் ஆட வந்தார். மாமியின் கைக்குத் தப்பிய ரெட் காயின் எங்கள் கிளப்பில் இல்லை.

"மாமி, உங்க பேரு லிஸ்ட்ல இல்லை" என்றார் அனந்தன்.

"போனது மாமாடா அனந்தா. நான் இருக்கேன், கேட்டியா?"

"ஒரு மனு போட்டுடுங்கோ. கமிட்டி அன்னிக்கே பாஸ் பண்ணிடும்."

மாமி போட்டார். கமிட்டியும் அன்றைக்கே பாஸ் பண்ணியது — அதிசயம்தான். இனி மாமிக்கு ஒரு மெயில் வர வேண்டும். அதிலுள்ள லிங்க்கை அமுக்கினால்தான் உறுப்பினர்.

மெயில் வரவில்லை.

"வரிசையில இருக்குன்னு காட்டறது மாமி."

"என்னடா இது, ரேஷன் கடையா?"

உறுப்பினர் அல்லாதவர் ஆட்டத்தைப் பார்க்கலாம். காயினைத் தொடக் கூடாது. மாமி சாயங்காலம்தோறும் பலகைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஜோடி சேர்ந்து ஆடும் சரசு மாமி சுலபமான காயினைக் கோட்டைவிடும்போதெல்லாம், கோமதி மாமியின் ஆள்காட்டி விரல் மடியில் துடிக்கும். வீட்டில் ஆள் இல்லை. பேச்சுத் துணை என்று இருந்தது இந்தப் பலகை ஒன்றுதான். சிவராத்திரி இரவு முழுக்க நடக்கும் கேரம் போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"கையால ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தா என்னவாம்?" என்று கேட்டேன்.

"இனிமே எல்லாம் ஆன்லைன்னு பொதுக்குழு தீர்மானம் இருக்கே அண்ணா. நீங்களும்தானே கை தூக்கினேள்?"

வித்யாவுக்குப் போன் போட்டோம். அவள் கேட்டது ஒரே கேள்வி: "அப்பா, சர்வர் ஒழுங்கா ஓடிண்டிருக்கா?"

"கிளப் திறந்திருக்கற நேரமெல்லாம் ஓடறது" என்றார் அனந்தன்.

என்ன ஒரு பதில்! ஒரு வார்த்தை பொய் இல்லை. தலைமைச் செயலகத்தில் சட்டசபைக் கேள்விகளுக்குப் பதில் எழுதியே ரிட்டயர் ஆன கை அல்லவா? அவசரத்தில் இருந்த வித்யாவும் சரி என்று வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். பகலில் கம்ப்யூட்டர் திணறக் கூடாதென்று, மெயில்கள் எல்லாம் நடுராத்திரிக்கு மேல் மொத்தமாகப் போகும்படி வித்யா ஏற்பாடு செய்திருந்தாள். எங்கள் வாட்ச்மேன் சுகுமாரனோ, கிளப்பைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்ற விதியை ஒரு நாள்கூட மீறாதவர். ராத்திரி அணைப்பார், காலையில் போடுவார். சர்வரும் கூடவே தூங்கி, கூடவே எழுந்தது. இதை அவர் அவளிடம் சொல்லவில்லை. அவள் அவரிடம் கேட்கவில்லை. எல்லோரும் அவரவர் விதியைச் சரியாகக் கடைப்பிடித்தோம். ஒரு காரியம் நடக்காமல் இருக்க இதைவிட உறுதியான வழியை நான் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

சிவராத்திரி வந்தது. விடிய விடிய விளையாட்டு, கிளப்பைப் பூட்டவில்லை. மெயின் சுவிட்சையும் யாரும் தொடவில்லை.

நடுராத்திரி தாண்டி, இரண்டாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்த போன்கள் எல்லாம் ஒன்றாக அலறின. ஓணம் வாழ்த்து... முடிந்துபோன பிறந்தநாள் வாழ்த்து... எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட நூலகப் புத்தகத்துக்கு நினைவூட்டல்...

"எந்து பற்றி சாரே?" — என்ன ஆச்சு என்று மலையாளத்தில் கேட்டபடி வாசலிலிருந்து ஓடி வந்தார் சுகுமாரன்.

யாருக்குத் தெரியும்? அனந்தன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, போனில் வந்ததை ஒவ்வொன்றாகப் படித்து முடிப்பதற்குள் வாசல் கேட் திறந்தது. கோமதி மாமி! வீட்டில் தனியாகக் கண்விழித்துக்கொண்டிருந்தவர். ஒரு கையில் போன், மறு கையில் சொந்த ஸ்ட்ரைக்கர்.

"அமுக்கிட்டேன்டா" என்றார் அனந்தனிடம். பிறகு பலகையைப் பார்த்தார். "சரசு, என்ன இப்படி வறண்டு கிடக்கு? பவுடரைப் போடு."

கார்த்திகையில் போட்ட மனு. பதில் கிடைத்த தேதி: மாசி மாதம், மகா சிவராத்திரி.