அலுமாரிக்குப் பின்னால் குளவிக்கூடு

கிண்ணியாவில் யார் வீட்டில் என்ன கூடு கண்டாலும் பல்கீஸைத்தான் கூப்பிடுவார்கள். முருங்கையில் மயிர்க்கொட்டிக் கூடென்றால் கொளுத்தச் சொல்வாள். தேசிமரத்தில் வண்ணத்துப்பூச்சிக் கூட்டை யாராவது பிய்த்துவிட்டால் வாய்க்கு வந்தபடி ஏசுவாள். பொய் மட்டும் சொல்லமாட்டாள்.

கல்யாணமாகிப் பத்து வருடம், பிள்ளையில்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கும் கதையை மாமி தொடங்கிய கிழமையில், அலுமாரியை நகர்த்திய பல்கீஸ் சுவரில் குளவியின் மண்கூட்டைக் கண்டாள். குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை தங்கும் என்பது ஊர் நம்பிக்கை.

“புதுக் கூடா புள்ள?” வாசலில் நின்றே கேட்டாள் மாமி.

கூட்டில் ஓட்டை இருந்தது. குஞ்சு வளர்ந்து எப்போதோ பறந்துவிட்டது.

“ஓம் மாமி, புதுசுதான்.”

மாமி அப்பால் போனதும், பல்கீஸ் ஈரமண் குழைத்து வந்து அந்த ஓட்டையை அடைத்தாள்.