சுடாத கால்

சங்கரன்கோவிலில் அம்பாளுக்கு நேர்ந்துகொண்டு, வெறுங்காலோடு பிரகாரத்தில் ஆடிச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தோம். உச்சிவெயிலில் கல்தளம் கொதித்தது. சூடு பட்டதும் மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் தண்டுவடமே காலை இழுத்துவிடும்; அப்படித்தான் எல்லோரும் துள்ளினோம். முன்னால் போன நரைமீசைக்காரர் மட்டும் வரப்பில் நடப்பதுபோல் நிதானமாக நடந்தார். அவர் மிதித்த இடத்திலெல்லாம் ரத்தம்.

"அண்ணாச்சி, நில்லுங்க! கால்ல கண்ணாடி குத்தியிருக்கு" என்றேன்.

"எனக்கா? வலிக்கலயே. கொஞ்ச காலமா கல்லும் சுடலை. அம்பாள் அருளு."

"சுகர் இருக்கா? நரம்பு செத்திருக்கும்."

"அது கெடக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் ஒரு பெண், "அருள் எறங்குன காலுல்லா!" என்று அவர் காலடியில் விழுந்தாள். உள்ளங்கை கல்லில் பட்டதுமே "யம்மா!" என்று கையை உதறினாள்.

அவர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு குனிந்து தன் கையைக் கல்லில் வைத்தார். அது வெடுக்கென்று துள்ளியது. கால்கள் அதே கல்லில் அசையாமல் நின்றன.

"கைக்குச் சுடுதே..." என்றார்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அந்த முகத்தில் இருந்தது கால் போய்விடும் என்ற பயமா, அருள் போய்விட்டதே என்ற பயமா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.