அண்ணன் கையால் சொன்னது

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் நடந்தது. மனநலப் பிரிவில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், பதினெட்டு வயது ஆனதும் பெரியவர்கள் பிரிவுக்கு மாற வேண்டும். அப்படி மாறுகிறவர்களில் பலர் ஓரிரு முறை வந்துவிட்டு அப்புறம் வருவதே இல்லை. அதற்கு என்ன செய்யலாம் என்று பேசத்தான் கூட்டம். நான் அங்கே ஆலோசகராக இருக்கிறேன். என் முறை வந்தபோது, முதல் இரண்டு தடவையாவது பழைய டாக்டரும் கூட வந்து உட்காரட்டும், வீட்டு ஆள் ஒருவர் சொல்வதை மட்டும் நம்பி மாத்திரையை மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "நல்ல யோசனையா இருக்குதே, எங்கீங்க படிச்சீங்க?" என்று பெரிய டாக்டர் கேட்டார். "ஏதோ ஒரு கட்டுரையிலீங்க" என்றேன். வாய் கூசவே இல்லை. பதினோரு வயதில் ஆரம்பித்த பழக்கம் அது.

சோமனூர்ப் பக்கம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே தறிக்குடோன், அதில் எட்டு விசைத்தறிகள். அவை ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்களுக்கெல்லாம் கைதான் வாய். சாப்பிட வா, டீ வந்துவிட்டது, ஆள் வந்திருக்கிறார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு. இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்து வெடுக்கென்று பிரித்தால், இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினால் தறியை நிறுத்த வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே நான் அண்ணனோடு இந்தப் பாஷையில் சண்டை போட்டிருக்கிறேன்.

அண்ணன் பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாள் பேச்சை நிறுத்தினான். கோபம் என்று நினைத்தோம். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. காதுக்குள் யாரோ திட்டிக்கொண்டே இருக்கிறார்கள், தான் வாயைத் திறந்தால் அவர்களுக்கு ஆகவில்லை என்று பிற்பாடு கையால் சொன்னான். தறிச் சத்தத்தில் மட்டும் அந்தக் குரல்கள் அமுங்கிப்போகும் என்பதால் பகலெல்லாம் குடோனிலேயே கிடந்தான். சொந்தக்காரர்களிடம் அவனுக்கு அல்சர் என்று சொல்லிவைத்திருந்தோம். வருகிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக் குழம்பில் காரம் அதிகம், அதனால்தான் பையனுக்கு இப்படி என்று அம்மாவுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை அம்மாவும் அண்ணனும் நானும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறுவோம். அங்கே குழந்தைகள் பிரிவில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன அறை, மூலையில் மீன்தொட்டி. அண்ணன் கையால் காட்டுவான், நான் வாயால் சொல்வேன். அம்மாவுக்கும் சைகை தெரியும். ஆனால் வீட்டில் அவன் விரலைப் பிரித்தாலே அம்மா அழ ஆரம்பித்துவிடுவாள், அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் அந்த விஷயத்தை என்னிடம் மட்டும்தான் சொல்லுவான். குரல்கள் வந்தால் இழை அறுந்தது. எத்தனை தடவை வந்ததோ அத்தனை தடவை அறுந்தது. கொஞ்ச நாளில் டாக்டரம்மாவே விரலைப் பிரித்துக் காட்டி, "இன்னைக்கு எத்தனை?" என்று அவனைக் கேட்கப் பழகிவிட்டார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவைத்திருந்தார்.

"கண்ணு, அவன் சொல்றதை அப்படியே சொல்லணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என்ன?"

எனக்கு அதில் ரொம்பப் பெருமை. பள்ளிக்கூடத்துக்கு லீவு, மீன்தொட்டி, திரும்பும்போது பேக்கரியில் தேங்காய் பன். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது என்று இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவனுக்குப் பதினெட்டு முடிந்த வாரம் டாக்டரம்மா ஓர் உறையை ஒட்டி அம்மாவிடம் கொடுத்தார். "இனிமே பெரியவங்க பிரிவுல பார்ப்பாங்கம்மா. இந்த லெட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்துருங்க" என்றார். எங்கள் குடும்பத்தில் ஒரு கடிதத்தோடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறியது என்றால், அது அஞ்சாம் வகுப்பு முடிந்து டி.சி. வாங்கியபோதுதான். ஆகவே அண்ணன் பாஸாகிவிட்டான் என்று அம்மா முடிவு கட்டினாள். அன்றைக்குக் கேசரி கிண்டினாள். "சின்னப் பசங்க டாக்டரு போதுமின்னு சொல்லிப்போட்டாங்க. எம்பையன் தேறிட்டானுங்க" என்று அப்பாவிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி முருகன் படத்துக்குக் கீழே வைத்தாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது அது அங்கேயே இருந்தது. சர்டிபிகேட்டைப் பஸ்ஸில் கசக்கிக்கொண்டு போக யாருக்கு மனசு வரும்?

பெரியவர்கள் பிரிவு ஒரு நீள ஹால். மூன்று மேஜைகளில் மூன்று டாக்டர்கள், நடுவில் மறைப்புக் கிடையாது. முறை வராதவர்களும் மேஜையைச் சுற்றியே நின்றார்கள். பழைய ஃபைல் இங்கே வராது என்று சீட்டுப் போடுகிறவர் சொல்லிவிட்டார். புதுச் சீட்டில் பெயரும் வயதும் மட்டும்தான் இருந்தன. கூட ஒரு ஆள்தான் போகலாம் என்றார்கள். "நீயே போ அம்மணி, நீதான் வெவரமாச் சொல்லுவே. நான் மருந்துக்கு வரிசையில நிக்கிறேன்" என்று அம்மா போய்விட்டாள்.

எங்களுக்கு இரண்டு பேர் தள்ளி, என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். யாருக்காக வந்திருந்தாரோ, எங்களைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மறைக்க ஏதோ இருக்கிறது என்று ஊகிக்கிற வயது எனக்கில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "எப்படி இருக்குதுப்பா?" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். இழை அறுந்தது என்று காட்டினான். ஒரு தடவை அல்ல. அறுந்தது, அறுந்தது, அறுந்தது என்று விரல்கள் நிற்கவே இல்லை. இடது கையும் சேர்ந்துகொண்டது. பிறகு காதைத் தொட்டுவிட்டு, உள்ளங்கையைக் கீழே அழுத்தினான். நிறுத்தச் சொல்லு. மறுபடியும் அழுத்தினான். அவ்வளவு நீளமாக அவன் என்னிடம் அதுவரை பேசியதில்லை. மேஜையைச் சுற்றி நின்ற ஆட்கள் அவன் கையையே வேடிக்கை பார்த்தார்கள். யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"என்னம்மா சொல்றான்?"

"ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருக்கறானாமாங்க" என்றேன்.

டாக்டருக்கும் அது பிடித்திருந்தது. வெளியே அவ்வளவு கூட்டம். நான் நீட்டிய மாத்திரை அட்டையைப் பார்த்து, அளவைப் பாதியாகக் குறைத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச்சுத்தான் இல்லை, காது நன்றாகக் கேட்கும். திரும்பும்போது தேங்காய் பன்னைப் பாதிக்கு மேல் என்னால் தின்ன முடியவில்லை. அவன் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம், கரண்ட் போயிற்று. எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. அந்த நிசப்தத்தில் அண்ணன் செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தவன் திரும்பி வரவில்லை. அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்தவள் எழவே இல்லை. நான் முருகன் படத்துக்கு முன்னால் நின்று, அவன் கிடைத்துவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துத் தாராபுரத்திலிருந்து அத்தை வீட்டு மாமா போன் செய்தார். அமராவதிக் கரையில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக் கூட்டிவந்திருக்கிறார். பாதமெல்லாம் கொப்புளம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதே டாக்டர்தான் வந்தார். அப்பா மஞ்சள் தடவிய உறையை எடுத்துக் கொடுக்க, அதை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கையால பேசுவான், தங்கச்சி எடுத்துச் சொல்லும், அவசரப்படுத்தாதீங்கன்னு எழுதியிருக்காங்க. இதை முதல்லயே குடுத்திருக்கக் கூடாதா? அன்னைக்கு நல்லா இருக்குன்னு பாப்பா சொல்லுச்சே?" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் என்னை அடித்ததே இல்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

"ஏன் அம்மணி, அன்னைக்கு அண்ணன் உங்கிட்ட என்னதான் சொன்னான்?"

முருகனிடம் வேண்டிக்கொண்டது நினைவிருந்தது. அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரவென்று, யாருடையதோ மாதிரி இருந்தது.

"நான் ஒண்ணுமே சொல்லலீங்கப்பா."

அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் ஓடிவந்து பார்த்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பையன் வாயைத் திறந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில், அவன் என்ன சொன்னான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் நான்தான். தப்பித்துவிட்டேன். அன்றைக்குத் தேங்காய் பன்னை முழுசாகத் தின்றேன்.

மாதக்கடைசியில் அவன் வீட்டுக்கு வந்தான். மெலிந்திருந்தான், ஆனால் தூங்கினான், சாப்பிட்டான். தறி ஓட்டவும் ஆரம்பித்தான். ஒரு நாள் அம்மா சொல்லி நான் குடோன் வாசலில் போய் நின்றேன். உள்ளே அப்பாவும் அண்ணனும் ஆளுக்கொரு மூலையில் நின்று, எப்போதும்போலக் கையால் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பிட வா என்று காட்டினேன். அண்ணன் பார்த்தான். கைகள் கீழே இறங்கின. தன் தறியை நிறுத்தினான். அத்தனை நீளக் குடோனையும் நடந்து கடந்து என் பக்கத்தில் வந்து, குனிந்து, "வாரேன் அம்மணி" என்று வாயால் சொன்னான்.

அதற்கப்புறம் என்னிடம் அவன் கை பேசியதே இல்லை, இன்றுவரை. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த மகிழ்ச்சி சொல்லி முடியாது. அண்ணன் என்னிடம் வாயிலேயே பேசிவிட்டான், முழுசாக நல்லாகிவிட்டான் என்று கத்திக்கொண்டே அம்மாவிடம் ஓடினேன்.