சம்பளமில்லாத மனேச்சர்

அப்பாவும் சித்தப்பாவும் இத்தாலியத் தீவொன்றில், போர்கோ வெக்கியோ என்ற பழைய குடியிருப்பில் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. காரணத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் இது புதினமல்ல. கோபித்துக்கொண்டவர்கள் ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிடுவார்கள், பேச்சை மட்டும் ஒரு பிள்ளையின் வாயில் ஏற்றி அனுப்புவார்கள். அந்தப் பிள்ளை நான். அம்மா ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியம்மாவின், வீட்டிலேயே தங்கி வேலை செய்தார். “உப்பைத் தரச் சொல்லு” என்பார் அப்பா. உப்பு எதிரே, சித்தப்பாவின் கையருகில் இருக்கும். நான் சொல்லவேண்டும். இதை எழுதும்போது இன்றும் பல்லைக் கடிக்கிறேன்.

சித்தப்பா முன்பு கப்பலில் வேலை செய்தவர். ஜப்பான் துறைமுகமொன்றில் வாங்கிய கசெட்டுகள் வைத்திருந்தார். எல்லாம் ஒரே இரண்டு பாடகர்களுடையவை. ஒருவர் ஒரு வரி பாட, மற்றவர் அடுத்த வரியை எடுப்பார். பள்ளிக்கூடச் சிநேகிதர்கள், ரயில் நிலைய வாசலில் ஒரே கிற்றாரோடு தொடங்கியவர்கள் என்று சித்தப்பா சொன்னார். இரண்டாவது கசெட்டில் டிரம்மும் மின்கிற்றாரும் வந்தன, மண்டபங்கள் நிரம்பினவாம்.

அப்பா குசினியிலிருந்து கத்துவார்: “பிள்ளை, அந்த ஜப்பான்காரருக்கு வயித்துக்குத்தாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு!”

“காதுக்குப் பஞ்சு வைக்கச் சொல்லு” என்பார் சித்தப்பா.

இருவருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் இரண்டையும் நான் சுமக்கவேண்டும்.

“மூண்டாவதிலை ரெண்டு பேருக்கும் கதை இல்லை” என்றார் சித்தப்பா. “ஒருத்தன் காலமை வந்து பாடிப்போட்டுப் போவான், மற்றவன் பின்னேரம் வருவான். ரெண்டு குரலையும் ஒட்டினது வேற ஆள்.”

“அப்ப ஆர் செய்தி கொண்டு திரிஞ்சது?”

“மனேச்சர். அவனுக்குச் சம்பளம்.”

“எனக்கு?”

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசிக் கசெட் விடைபெறும் கச்சேரி. அதில் ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர் சிரிக்கிறார். அதோடு பிரிந்துவிட்டார்களாம். மேடையில் சிரிக்கத் தெரிந்தவர்களுக்கு வீதியில் கதைக்க என்ன கேடு என்று, முகம் தெரியாத அந்த இருவர்மீதும் எனக்கு எரிச்சல்.

பிறகு சித்தப்பாவுக்கு மிலானோவில் வேலை கிடைத்தது. நாப்போலிக் கப்பலுக்குப் போகும் நாளன்று, கசெட்டுகளையும் பையில் அடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அப்பா குசினியில்.

“கொப்பரிட்டைச் சொல்லு, நான் வெளிக்கிடுறன் எண்டு.”

“பாஸ்தா! போதும்!” என்று கத்தினேன். “சொல்லமாட்டன். வாய் இருக்குத்தானே, நீங்களே சொல்லுங்கோ!”

யாராவது ஒருவர் வாயைத் திறக்கத்தானே வேண்டும் என்று நம்பினேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா காத்து நின்றார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“போய்க் கேளுங்கோ!”

அவர் போகவில்லை. கோப்பை கழுவினார். கழுவிக்கொண்டே, தான் நக்கலடித்த அதே ஜப்பான் பாட்டை முணுமுணுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதையாவது ஒழுங்காகப் பாடினாரா? ஒரு வரி பாடுவார், கோப்பையைப் பிடித்தபடி சும்மா நிற்பார், பிறகு வேறொரு வரி.

“தெரியாட்டிப் பாடாதேங்கோ, அப்பா. நடுவிலை நடுவிலை விடுறீங்கள்.”

“ஓம்” என்றார். திரும்பவும் அப்படியே பாடினார், அதே இடங்களில் நிறுத்தி.

அரைகுறைப் பாட்டு என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவர் விட்ட வரிகளெல்லாம் அந்த மற்றப் பாடகரின் குரலுக்கு உரியவை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.