ஓட்டின் மேல் இரண்டு புகை

கொல்லிமலையில் ஆறு வருடம் இயற்பியல் ஆசிரியையாக இருந்தேன். அதில் ஐந்து வருடம் பகுதிநேரமாகக் கருந்துளை ஆராய்ச்சி. ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு நிற்பேன் என்று பள்ளியில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் குடியிருந்தது ஓட்டு வீடு. மொட்டை மாடியே கிடையாது. அந்த மலையில் வானம் தெரிகிற நாளைவிட மூடுபனி நாள்தான் அதிகம். சனிக்கிழமை மத்தியானம் சோளக்காட்டுச் சந்தைக்குப் பின்னால், சிக்னல் கிடைக்கிற ஒரே திட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து, யாரோ எங்கோ எடுத்துப் பொதுவில் போட்ட படங்களை இறக்குவேன். அவ்வளவுதான் என் வானியல். பக்கத்தில் பலாப்பழம் அறுப்பார்கள். ஈக்கள் பலாவுக்கும் எனக்கும் பொது.

நான் ஐந்து வருடமும் பார்த்தது ஒரே ஒரு கேலக்ஸியை. இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றாகிக்கொண்டிருக்கிற இடம் அது. ஒவ்வொரு பெரிய கேலக்ஸியின் நடுவிலும் ஒரு ராட்சசக் கருந்துளை இருக்கும். சும்மா கிடக்கும்போது அது தெரியாது. மோதலில் கலங்கிய வாயு அதில் போய் விழுந்தால், விழுகிற வாயு கொதித்து, கோடானுகோடி நட்சத்திரங்களையும் மிஞ்சிப் பிரகாசிக்கும். என் படத்தில் பக்கம் பக்கமாக இரண்டு பிரகாசப் புள்ளிகள் இருந்தன. ஒன்று நம்மை நோக்கி வருகிறது, மற்றது விலகிப் போகிறது. ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே வாயுவைத் தின்றுகொண்டிருக்கும் இரண்டு கருந்துளைகள் என்று நான் நம்பினேன். இரண்டு என்று நிரூபித்தால் எனக்கு முனைவர் பட்டம். ஒன்றுதான் என்றால் ஒன்றும் கிடையாது.

என் கணவர் நாமக்கல்லில் கோழித்தீவன ஆலையில் மேற்பார்வையாளர். முதல் வருடம் சனிக்கிழமை தவறாமல் வருவார். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறும் எழுபது கொண்டை ஊசி வளைவும் அவருக்கு ஆகாது. கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து, வெளுத்த முகத்தோடு இறங்குவார். நேரே திட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவார்.

"இது ரெண்டும் ஒண்ணாச் சேர எத்தன நாளாகும்?"

"பல கோடி வருசம் ஆகுமுங்க."

"அது வரைக்கும் நீ இங்கயேதானா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

இடமாறுதல் கலந்தாய்வில் மலையை விட்டு இறங்க எல்லோரும் முட்டி மோதுவார்கள். எனக்கு இரண்டு தடவை முறை வந்தது. இரண்டு தடவையும் நாமக்கல்லுக்குப் பக்கத்திலேயே காலியிடம் இருந்தது. 'விருப்பமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நானும் என் வழிகாட்டிப் பேராசிரியரும் ரேடியோ தொலைநோக்கியில் அந்தக் கேலக்ஸியைப் பார்க்க விண்ணப்பித்திருந்தோம். அந்தப் படம் வந்தால் விஷயம் முடிந்துவிடும். கீழே போனால் வீடு, உறவு, விசேஷம் என்று ஆராய்ச்சி அம்போவென்று போய்விடும் என்று பயந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

வீட்டுக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். அவர் ஊரில் குடும்பங்களை ஆள் கணக்கில் எண்ணமாட்டார்கள், அடுப்புக் கணக்கு. கூடப் பிறந்தவர்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் தனித்தனியாக ஆக்கினால் இரண்டு அடுப்பு. நோம்பி என்கிற கோயில் திருவிழாவுக்குக் கிடா வெட்டினால் அடுப்புக்கு ஒரு கூறு கறி. அதனால் என் படத்தை அவருக்கு விளக்க எனக்குச் சிரமமே இல்லை.

"ஒரே ஊட்டுல ரெண்டு அடுப்புங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ரெண்டும் எரியுது."

அவர் இரண்டு புள்ளிகளையும் உற்றுப் பார்த்தார். "அடுப்பைப் பாத்தீங்களா, பொகையப் பாத்தீங்களா டீச்சரு? எங்க ஊட்டுல ஒரு அடுப்புப் பொகையே ஓட்டுல ரெண்டு எடத்துல கௌம்புது."

நான் சிரித்தேன். முதுகலை படித்தவள் சிரிக்கிற சிரிப்பு. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தொலைநோக்கிக்கு அனுப்பிய விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை நேரம் ஒதுக்கினார்கள். அதற்குள் கணவர் வருவது மாதம் ஒருமுறையாகி, பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்றாகியிருந்தது. கேட்டால் வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்பார். எனக்கும் கேட்க நேரமில்லை.

படம் ஒரு சனிக்கிழமை வந்தது. ரேடியோ அலைக்குத் தூசி ஒரு தடையே இல்லை. அடுப்பு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தை நேராகக் காட்டிவிடும். என் இரண்டு புள்ளிகளும் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நடுவில், வெறும் தூசி என்று நான் ஒதுக்கிய இருட்டில், ஒரே ஒரு பொட்டு. ஒரே கருந்துளை. அது இரண்டு பக்கமும் ஊதித் தள்ளிய வாயுதான் ஒரு பக்கம் வருவதாகவும் மறுபக்கம் போவதாகவும் ஐந்து வருடம் எனக்குப் போக்குக் காட்டியிருக்கிறது. இன்னொரு கருந்துளை என்ன ஆயிற்று? முன்னமே இதோடு சேர்ந்துவிட்டதா, எங்கேயாவது தீனியில்லாமல் இருட்டில் கிடக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வழிகாட்டிப் பேராசிரியரை அழைத்தேன். அவரும் பார்த்திருந்தார்.

"ஒண்ணுதாம்மா. சந்தேகமே இல்ல."

"வேற கேலக்ஸிய எடுத்துக்கலாங்களா சார்?"

"எடுக்கலாம். ஆனா உங்க பிஎச்.டி. பதிவுக்குக் கடைசி நீட்டிப்பும் இந்த வருசத்தோட முடியுதே."

அவர் நல்லவர். நிறைய நேரம் பேசினார். ஒன்றுமே என் காதில் ஏறவில்லை. அழுகைகூட வரவில்லை, வெட்கமாக இருந்தது. மிளகு போடுகிற வீட்டுக்காரம்மா சொன்னதை முதல் வருடமே சோதித்திருந்தால் இரண்டு கையெழுத்தும் மிச்சமாகியிருக்கும்.

அதே திட்டில் உட்கார்ந்தபடி கணவரை அழைத்தேன்.

"ஒண்ணுதானுங்களாம்," என்றேன்.

"அப்ப முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க. இந்தக் கலந்தாய்வுல கீழ வந்தர்றேனுங்க."

ஆலை இரைச்சலை விட்டு அவர் வெளியே வருவது கேட்டது. பிறகு, "வா. உன்ற ஊடு, வர வேண்டாம்னு ஆரு சொல்லப்போறா? ஆனா எனக்கு ஒரு ஆளுக்கு ஆக்கித் தின்னே பழகிப்போச்சு. அதைய மட்டும் மனசுல வெச்சுக்க," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். மூட்டை எடை சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

அந்த வருடமே இடம் கிடைத்தது, இறங்கிவிட்டேன். அவர் விடிகாலையிலேயே சின்னக் குக்கரில் தனக்கு ஆக்கி, கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போகிறார். நான் அதற்கப்புறம் எனக்கு வைத்துக்கொள்கிறேன். ஆரம்பத்தில் இருவருக்குமாக ஆக்கி வைத்துப் பார்த்தேன். அவர் பங்கு அப்படியே இருந்தது. இதைப் பற்றிப் பேசிப் பார்ப்போமே என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

போன மாதம் வீட்டுக்காரம்மா போன் செய்தார். ஊரில் நோம்பி, கிடா வெட்டுகிறார்களாம். சொந்தக்காரப் பையன் நாமக்கல்லுக்கு வருகிறான், அவனிடம் எங்களுக்கும் கறி கொடுத்தனுப்புவதாகச் சொன்னார்.

"எத்தன கூறு எடுத்து வெக்கட்டுமுங்க? உங்க ஊட்டுல ஒரு அடுப்புதானுங்களே?"

நான் சமையலறையைத் திரும்பிப் பார்த்தேன்.

"இல்லீங்க," என்றேன். "ரெண்டு."