ரோஸ் நிறச் சட்டையும் எங்கள் அண்ணாவும்

எங்கள் குடும்பத்தின் மூத்தவராய்ப் பிறந்து, இத்தாலியின் பலேர்மோவில் கண்மூடிய அன்பு அண்ணா எம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அழுதது போதும் என்று அவரே சொல்லியிருப்பார். ஆகையால் அவர் பிடித்த சண்டை ஒன்றைப் பற்றித் தங்கையாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணா யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் இளவயதிலேயே காலமாக, படிப்பை விட்டுவிட்டுக் குடும்பத்தைத் தாங்கினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர் துரத்த, இங்கு வந்து சேர்ந்தார். ஒரு சிஞ்ஞோராவின், அதுதான் ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டில், படுக்கையில் கிடந்த அவருடைய தகப்பனாரைப் பராமரித்தார். உழைப்பாளி, இரக்கக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். என்னையும் அவர்தான் இங்கு கூப்பிட்டார்.

அக்காலத்தில் எம்மவர்க்குப் பலேர்மோ ஒரு பஸ் தரிப்பிடம் மாதிரி. ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ போகும்வரை நின்றால் போதும் என்றிருந்தார்கள். அண்ணாவுக்கு அது பிடிக்காது. ஞாயிறு பின்னேரங்களில் எல்லாரையும் இழுத்துக்கொண்டுபோய்க் கரப்பந்தாட வைத்தார்.

கடல் தாண்டி ஜெனோவாவில் தமிழ் அணிகளுக்கு நடந்த சுற்றுப்போட்டிக்கு அழைப்பு வந்தபோதுதான் வில்லங்கம் தொடங்கியது. அணிக்கு என்ன பெயர்? எங்கள் கிராமத்தவரே கூடுதல் என்பதால் கிராமத்துப் பெயர்தான் என்று தாய்மாமா ஒற்றைக்காலில் நின்றார். அண்ணாவுக்கு இங்கு வேலை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அண்ணாவோ பலேர்மோ என்றே வைக்கவேண்டும் என்றார். அணியில் வேறு ஊர்க்காரரும் இருந்தார்கள். தமிழே பேச வராத மொரிசியஸ் தமிழர் ஒருவரும் இருந்தார்.

“அவனுக்கு எந்த ஊர் மாமா? எல்லாரும் இஞ்சைதானே உழைக்கிறம், இஞ்சைதானே படுத்தெழும்புறம்,” என்றார் அண்ணா.

அதோடு நிற்கவில்லை. வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்கும் நண்பரைப் பிடித்து, இந்நகரத்து உதைபந்தாட்ட அணியின் நிறத்திலேயே சட்டைகள் எடுத்துவந்தார். பளிச்சென்ற ரோஸ் நிறம். பெண்பிள்ளைகளின் நிறத்தை எப்படிப் போடுவது என்று இளைஞர்கள் முகம் சுளித்தார்கள். அண்ணா தானே முதலில் போட்டுக்கொண்டு சந்தைக்குள் நடந்தார். மீன்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். அடுத்த கிழமை எல்லாரும் போட்டார்கள்.

ஊரை விற்றுவிட்டான் என்று சொல்லி மாமா பேச்சை நிறுத்திவிட்டார். அணி பலேர்மோ என்ற பெயரோடு கப்பலேறிப் போய், முதல் சுற்றிலேயே தோற்று வந்தது. தோல்வியை அண்ணா சிரித்துச் சமாளித்தார். மாமாவின் மௌனத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பொங்கலுக்கும் வருஷப்பிறப்புக்கும் மாமா வீட்டு வாசல்வரை போவார். கதவு திறக்காது. பெயரை மாற்றிவிடுங்கள் என்று நானே கெஞ்சியிருக்கிறேன். மாட்டேன் என்றுவிட்டார்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. வைத்தியசாலையில் என்னைக் கண்டதும், மாமா வந்தவரோ என்றுதான் கேட்பார். மாமா வரவில்லை. எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம்.

அந்நாட்களில் எமக்குத் தோள்கொடுத்த அயலவர்க்கும், தன் வீட்டுப் பிள்ளையைப் போல அழுத சிஞ்ஞோராவுக்கும், கஞ்சி காய்ச்சிவந்த மொரிசியஸ் சகோதரர்க்கும், பாடையைச் சுமந்த அணித் தோழர்க்கும் எம் குடும்பத்தின் நன்றி. மாமாவுக்கும் நன்றி சொல்லவேண்டும்.

அண்ணாவின் உடலை எப்படியாவது ஊருக்கு அனுப்பவேண்டும் என்று உறவினர்கள் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாமா உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. அண்ணாவின் தலைமாட்டில் குந்தி, நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“அவன் தன்ரை ஊரிலைதான் கிடக்கிறான். வேறை எங்கை கொண்டுபோகப் போறியள்?”